கைத்தொழிலைப் பெயரில் சுமந்த இமாம்கள்

மத்ரஸாக்களில் ஃபிக்ஹுப் பாடம் ஓதும் மாணவர்களின் நாவில் சில பெயர்கள் நாள்தோறும் புழங்குகின்றன. கஸ்ஸாஃப், ஜஸ்ஸாஸ், கஃப்ஃபால், ஹல்வானீ, குதூரி. புகாராவைச் சேர்ந்தவர் புகாரீ, திர்மித் நகரத்தவர் திர்மிதீ என்பதுபோல இவையும் ஊரால் வந்த பெயர்கள் என்றே மாணவர் பலர் எண்ணிக்கொள்கின்றனர். உண்மை வேறு. கஸ்ஸாஃப் என்றால் செருப்புத் தைப்பவர். ஜஸ்ஸாஸ் என்றால் சுண்ணச்சாந்து வேலை செய்பவர். கஃப்ஃபால் என்றால் பூட்டுச் செய்பவர். ஹல்வானீ என்பது இனிப்புப் பண்ட வணிகத்தால் வந்த பெயர். குதூரி என்னும் பெயருக்குப் பானைத் தொழிலைக் காரணமாகச் சொல்வாரும் உண்டு. ஓர் ஊரின் பெயரைச் சொல்வாரும் உண்டு.

இப்பெயர்களை அவர்களுடைய பகைவர்கள் இகழ்ச்சியாகச் சூட்டவில்லை. மாணவர்கள் மதிப்போடு சொன்னார்கள். வரலாற்றாசிரியர்கள் மதிப்போடு எழுதினார்கள். மார்க்கச் சட்டத்தின் தூண்களாக விளங்கிய பெருமக்கள், தாமோ தம் முன்னோரோ செய்த கைத்தொழிலின் பெயரை ஆயிரம் ஆண்டுகளாகச் சுமந்து நிற்கின்றனர். இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. சொந்த உழைப்பில் நின்றவர்களால்தான் சொந்த நாவில் பேச முடிந்தது என்பதே அப்பாடம்.

மதீனாவின் சந்தை

இவ்வழக்கத்தின் வேர் மதீனாவில் இருக்கிறது. கி.பி. 622-இல் மக்காவைத் துறந்து வந்த முஹாஜிர்கள் வீடு, வாசல், வணிகம் அனைத்தையும் இழந்தே வந்தனர். நபி (ஸல்) அவர்கள் முஹாஜிர்களையும் மதீனாவாசிகளான அன்ஸாரிகளையும் சகோதரர்களாக இணைத்து வைத்தார்கள். அவ்வாறு அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களுக்குச் சகோதரராக வாய்த்தவர் ஸஅத் இப்னு ரபீஉ (ரலி). அன்ஸாரிகளில் செல்வம் மிக்கவராகிய அவர், தம் உடைமையில் சரிபாதியைத் தருவதாக மனமுவந்து கூறினார்.

அப்துர் ரஹ்மான் (ரலி) அவர்கள் அக்கொடையை இகழவில்லை, ஏற்கவும் இல்லை. ஸஅதின் குடும்பத்திலும் பொருளிலும் பரக்கத் உண்டாக துஆச் செய்துவிட்டு, சந்தை எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டார். கைனுகா கோத்திரத்தாரின் சந்தையை அவருக்குக் காட்டினார்கள். அன்று மாலை அவர் திரும்பியபோது கையில் இலாபமாக இருந்தவை சிறிது உலர்ந்த பாலாடைக்கட்டியும் சிறிது நெய்யுமே. இந்நிகழ்ச்சியை இமாம் புகாரீ பதிவு செய்திருக்கிறார். அப்பதிவில் நாம் கவனிக்காமல் கடந்து செல்லும் ஒரு செய்தி உண்டு. அவர் மறுநாளும் சென்றார். அடுத்தடுத்த நாள்களும் தொடர்ந்து காலையிலேயே சென்றார். அந்தத் தொடர்ச்சிதான் பிற்காலத்தில் அவரைப் பெருஞ்செல்வராக்கியது. முதல் நாள் கிடைத்தது நெய்யும் பாலாடைக்கட்டியும்தான் என்று அவர் வீட்டில் அமர்ந்திருந்தால் வரலாறு அவருடைய வணிகத்தைப் பற்றி ஒரு வரிகூட எழுதியிருக்காது.

சில நாள்கள் கழித்து அவர் மேனியில் மணப்பொருளின் மஞ்சள் சுவடு தெரிந்தது. நபி (ஸல்) அவர்கள் காரணம் வினவ, அன்ஸாரிப் பெண் ஒருவரை மணந்துகொண்டதாகவும், பேரீச்சங்கொட்டை எடையளவு தங்கத்தை மஹராகக் கொடுத்ததாகவும் கூறினார். ஓர் ஆட்டையேனும் அறுத்து வலீமா விருந்து அளிக்குமாறு நபியவர்கள் பணித்தார்கள். வெறுங்கையோடு வந்தவர் தம் உழைப்பிலிருந்தே மஹர் கொடுத்து இல்லறம் அமைத்தார்.

அன்ஸாரிகளிலும் வறியவர்கள் இருந்தனர். அவர்களில் ஒருவர் நபி (ஸல்) அவர்களிடம் உதவி கேட்டு வந்த செய்தி அபூதாவூத், இப்னு மாஜா ஆகிய தொகுப்புகளில் இடம்பெற்றுள்ளது. வீட்டில் என்ன இருக்கிறது என்று நபியவர்கள் கேட்டார்கள். பாதியைப் போர்த்திக்கொண்டு பாதியை விரித்துக்கொள்ளும் ஒரு துணியும், நீர் அருந்தும் ஒரு கிண்ணமும் இருப்பதாக அவர் சொன்னார். அவற்றைக் கொண்டுவரச் செய்து நபியவர்களே ஏலம் விட்டார்கள். ஒருவர் 1 திர்ஹத்துக்குக் கேட்டார்; கூடுதலாகத் தருபவர் உண்டா என்று மீண்டும் வினவ, இன்னொருவர் 2 திர்ஹம் கொடுத்து வாங்கினார். ஒரு திர்ஹத்துக்குக் குடும்பத்துக்கான உணவும் மற்றொரு திர்ஹத்துக்குக் கோடரியும் வாங்கச் சொன்னார்கள். கோடரிக்கு நபியவர்களே தம் கையால் காம்பு பொருத்தினார்கள். விறகு வெட்டி விற்குமாறும், 15 நாள்கள் தம் கண்ணில் படவேண்டாம் என்றும் சொல்லி அனுப்பினார்கள். அவர் 10 திர்ஹம் ஈட்டித் திரும்பி வந்தார்.

அந்த 15 நாள் தவணையை எண்ணிப் பார்க்க வேண்டும். முதல் நாளே வந்து, விறகு விற்கவில்லை என்று முறையிட்டிருக்கலாம். அதற்கு வழி இல்லாமல் செய்தது அத்தவணை. உழைப்புப் பலன் தருவதற்குக் கால அவகாசம் தேவை என்பதை அம்மனிதருக்கு உணர்த்திய முறை அது. அன்றைய பசிக்கு உணவும் நாளைய பிழைப்புக்குக் கருவியும் ஒருங்கே கிடைக்கச் செய்த நபிவழியில், உதவி கேட்டு வருபவரை எவ்வாறு நடத்த வேண்டும் என்பதற்கான இலக்கணமும் அடங்கியிருக்கிறது.

கல்வியும் பிழைப்பும் ஒன்றையொன்று விலக்கும் என்ற எண்ணமும் அன்று இல்லை. மதீனாவின் மேட்டுப்புறத்தில் வசித்த உமர் (ரலி) அவர்கள் அண்டை வீட்டு அன்ஸாரி ஒருவரோடு முறை வைத்துக்கொண்டு நபியவர்களின் அவைக்கு வந்தார்கள். ஒருநாள் இவர் செல்வார். மறுநாள் அவர் செல்வார். சென்றவர் அன்றைய வஹீச் செய்தியையும் மற்றச் செய்திகளையும் செல்லாதவருக்குக் கொண்டுவந்து சேர்ப்பார். வாழ்க்கைத் தேவையையும் மார்க்கக் கல்வியையும் இருவரும் பங்கிட்டுக்கொண்ட அழகான ஏற்பாடு இது.

கூஃபாவின் துணிக்கடை

மதீனாவில் ஊன்றிய வித்து கூஃபா நகரில் பெருமரமாக வளர்ந்தது. ஹிஜ்ரி 80-இல் (கி.பி. 699) அங்கே பிறந்த நுஃமான் இப்னு ஸாபித் அவர்களை உலகம் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) என்று அறியும். துணி வணிகக் குடும்பத்தில் பிறந்தவர். பட்டும் கம்பளி இழையும் சேர்த்து நெய்த ‘கஸ்’ என்னும் துணியை விற்பது அவருடைய தொழில். இளமையில் சந்தைக்குச் சென்றுகொண்டிருந்த அவரை இமாம் ஷஅபீ (ரஹ்) தடுத்து நிறுத்தி, அவருடைய அறிவுக்கூர்மையைக் கண்டு, அறிஞர்களின் அவைக்குச் செல்லுமாறு தூண்டியதாக வரலாறு கூறுகிறது.

அவர் சென்றார். ஹம்மாத் இப்னு அபீ ஸுலைமான் (ரஹ்) அவர்களிடம் 18 ஆண்டுகள் பயின்றார். ஹிஜ்ரி 120-இல் ஆசிரியர் மறைந்தபின் அவருடைய இடத்தில் அமர்ந்து பாடம் நடத்தினார். இத்தனைக்கும் நடுவில் துணிக்கடையை அவர் மூடவில்லை. கூட்டாளிகளை அமர்த்தி வணிகத்தை நடத்தினார்.

அவ்வணிகத்தின் தரத்துக்கு இரு நிகழ்ச்சிகள் சான்று. கூட்டாளியான ஹஃப்ஸ் இப்னு அப்துர் ரஹ்மானிடம் சரக்கு அனுப்பியபோது, அதில் ஒரு துணியில் குறை இருப்பதைச் சுட்டி, வாங்குபவரிடம் சொல்லி விற்குமாறு பணித்தார். ஹஃப்ஸ் மறந்துபோய்ச் சொல்லாமல் விற்றுவிட்டார்; வாங்கியவர் யாரென்றும் தெரியவில்லை. அச்சரக்கின் முழு விலையையும் இமாம் தர்மம் செய்துவிட்டார். மற்றொரு முறை ஒரு பெண் பட்டாடை ஒன்றை விற்கக் கொண்டுவந்து 100 கேட்டார். அதன் மதிப்பு அதைவிட அதிகம் என்றார் இமாம். அப்பெண் நூறு நூறாக உயர்த்தி 400 வரை வந்தார். இன்னும் அதிகம் என்றதும் தம்மைக் கேலி செய்வதாக எண்ணினார். மதிப்பிடத் தெரிந்த ஒருவரை அழைத்துவரச் செய்து, 500 கொடுத்து அதை வாங்கினார் இமாம்.

கடையில் வந்த இலாபம் எங்கே சென்றது? அறிஞர்களுக்கும் மாணவர்களுக்கும் உணவாகவும் உடையாகவும் சென்றது. கொடுக்கும்போது, தமக்கு நன்றி சொல்ல வேண்டாம், அல்லாஹ்வுக்கே நன்றி சொல்லுங்கள் என்பார். அவ்வாறு பயன்பெற்றவர்களில் ஒருவர் யஅகூப் என்னும் ஏழைச் சிறுவர். வறுமையின் காரணமாக அவரைப் பாடத்திலிருந்து எழுப்பி வேலைக்கு அனுப்ப வீட்டார் முயன்றனர். இமாம் தம் பொருளைக் கொடுத்து அவரைப் படிக்க வைத்தார். அச்சிறுவரே பின்னாளில் ஹாரூன் ரஷீதின் ஆட்சியில் தலைமைக் காழியாக உயர்ந்து, அரசின் வரி முறைகளைப் பற்றிக் ‘கிதாபுல் கராஜ்’ எழுதிய இமாம் அபூயூஸுஃப் (ரஹ்). ஒரு துணிக்கடையின் இலாபம் ஒரு பேரரசின் நீதிபதியை உருவாக்கியது.

இனி, அக்கடை இமாமுக்குச் செய்த மிகப்பெரும் உதவியைப் பார்ப்போம். உமையா ஆட்சியின் இறுதிக் காலத்தில் இராக்கின் ஆளுநராக இருந்த இப்னு ஹுபைரா, இமாமை அரசுப் பதவி ஏற்குமாறு வற்புறுத்தினார். இமாம் மறுத்தார். கசையடி விழுந்தது, அப்போதும் மறுத்தார். அப்பாஸியர் ஆட்சி வந்தபின் கலீஃபா மன்ஸூர் காழிப் பதவியை நீட்டினார். அதையும் மறுத்து இமாம் சிறை சென்றார். ஹிஜ்ரி 150-இல் (கி.பி. 767) பக்தாதில் சிறையிலேயே மறைந்தார் என்பது பரவலான செய்தி.

கசையடியைத் தாங்கியது அவருடைய ஈமான், அதில் ஐயமில்லை. ஆயினும் உலக நியதியையும் எண்ண வேண்டும். அரசு தரும் சம்பளத்தில் அடுப்பு எரியும் வீட்டில் ‘முடியாது’ என்ற சொல் எளிதில் எழுவதில்லை. இமாமின் வீட்டு அடுப்பு துணிக்கடையால் எரிந்தது. ஆகவே அவரை வாங்க மன்ஸூரிடம் விலை இல்லை. கூஃபாவைச் சேர்ந்த மற்றோர் இமாமாகிய ஸுஃப்யான் ஸவ்ரீ (ரஹ்) அவர்களும், தம்மிடம் உள்ள சிறு பொருள் இல்லாவிடில் ஆட்சியாளர்கள் தம்மைக் கை துடைக்கும் துணியாக்கியிருப்பார்கள் என்ற கருத்துப்படச் சொன்னதாகக் குறிப்பிடப்படுகிறது.

கண்ணாடித் தொழிலாளியும் பூட்டுக்காரரும்

அபூஹனீஃபா (ரஹ்) அவர்களுக்குக் குடும்ப வணிகம் இருந்தது; ஒன்றுமில்லாதவர் என்ன செய்வது என்று சிலர் கேட்கலாம். அவர்களுக்கு இரு வரலாறுகளைக் கூறலாம்.

பக்தாதில் கண்ணாடி அரைத்துப் பதப்படுத்தும் தொழிலாளி ஒருவர் இருந்தார். நாள் முழுவதும் உழைத்தால் 1 திர்ஹமும் அதற்கு மேல் சிறிதும் கிடைக்கும். அவருக்கு அரபு இலக்கணத்தின்மீது தீராத ஆசை. அக்காலத்தின் பேராசிரியர் முபர்ரத் கூலி இல்லாமல் கற்பிக்க மாட்டார். இத்தொழிலாளி அவரிடம் சென்று தம் வருமானத்தை மறைக்காமல் சொல்லி, நாள்தோறும் ஒரு திர்ஹம் தருவதாகவும், மரணம் தங்களைப் பிரிக்கும்வரை அதை நிறுத்துவதில்லை என்றும் வாக்களித்தார். கற்றார், ஆசிரியருக்குப் பணிவிடையும் செய்தார். பின்னர் செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆசிரியரானார். அமைச்சரின் மகனுக்கும் கற்பித்தார். நிலை உயர்ந்தபின்பும் ஆசிரியர் மறையும்வரை தம் வாக்கை அவர் காப்பாற்றினார். குர்ஆனின் சொற்பொருளையும் இலக்கணத்தையும் விளக்கிய நூலால் புகழ்பெற்று, ஹிஜ்ரி 311-இல் மறைந்த அவரை ‘ஸஜ்ஜாஜ்’, அதாவது கண்ணாடிக்காரர், என்றே இன்றும் அழைக்கின்றோம்.

மற்றொருவர் குராசானின் மர்வ் நகரத்தவர். மிக நுண்ணிய பூட்டுகளைச் செய்வதில் வல்லவர். சில தானிய மணிகளின் எடையே உள்ள ஒரு பூட்டைச் சாவியோடு செய்தார் என்று அவர் திறமையை நூல்கள் வியக்கின்றன. ஏறத்தாழ 30 வயதுவரை அதுவே அவர் தொழில். அவ்வயதில்தான் கல்வி கற்கப் புறப்பட்டார். சிறுவர்களோடு அமர்ந்து தொடங்க நேரும் என்ற வெட்கம் அவரைத் தடுக்கவில்லை. ஹிஜ்ரி 417-இல் (கி.பி. 1026) தம் 90-ஆம் வயதில் மறைந்தபோது, அவர் குராசானிய ஷாஃபிஈ மரபின் தலைவர். அவரே இமாம் கஃப்ஃபால் மர்வஸீ (ரஹ்). அவருடைய மாணவர் அபூ முஹம்மத் ஜுவைனீ. அவருடைய மகன் இமாமுல் ஹரமைன். அவருடைய மாணவர் இமாம் கஸ்ஸாலீ (ரஹ்). காயல்பட்டினம், கீழக்கரை முதலிய நம் கடற்கரை ஊர்களில் பின்பற்றப்படும் ஷாஃபிஈ மத்ஹபின் அறிவுத்தொடரில், 30 வயதில் அலிஃப் தொடங்கிய ஒரு பூட்டுத் தொழிலாளியின் கை இருக்கிறது.

கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன கஸ்ஸாஃப் (ரஹ்) அவர்களும் செருப்புத் தைத்தே உண்டு வாழ்ந்தார். ஹிஜ்ரி 261-இல் மறைந்த அவர் வக்ஃபுச் சட்டங்களைப் பற்றி எழுதிய நூல் இன்றும் அத்துறையின் மூலநூல்களில் ஒன்று. ஊராரின் வக்ஃபுச் சொத்துகளைப் பற்றிச் சட்டம் எழுதியவர், தம் உணவுக்கு ஊசியையும் தோலையும் நம்பியிருந்தார். ஹிஜ்ரி 370-இல் மறைந்த ஜஸ்ஸாஸ் (ரஹ்) அவர்களும் தேடிவந்த காழிப் பதவியை ஏற்கவில்லை.

தவக்குலும் உழைப்பும்

பொருளீட்டுவது தவக்குலுக்கு முரண் என்ற வாதம் அக்காலத்திலும் எழுந்தது. அதற்கு மறுமொழியாக இமாம் அபூஹனீஃபாவின் மாணவர் முஹம்மத் இப்னுல் ஹஸன் ஷைபானீ (ரஹ்), ஹிஜ்ரி 189-இல் மறைந்தவர், ‘கிதாபுல் கஸ்ப்’ என்னும் தனி நூலையே யாத்தார். கல்வி தேடுவது கடமையாவதுபோலப் பொருள் தேடுவதும் கடமை என்பது அவருடைய நிலைப்பாடு. அவருடைய வாதம் மிக எளியது. தொழுகைக்கு ஒளூ வேண்டும். ஒளூவுக்குத் தண்ணீர் இறைக்க வாளியும் கயிறும் வேண்டும். உடலை மறைக்க ஆடை வேண்டும். இவற்றையெல்லாம் யாரோ ஒருவர் உழைத்துச் செய்கிறார். அவ்வுழைப்பு இல்லையேல் தொழுகையே நிறைவேறாது. ஆகவே உழைப்பவர் வணக்கத்துக்கு வெளியே நிற்பவர் அல்லர்.

இங்கே ஒரு நடுநிலையையும் காக்க வேண்டும். பொதுப்பணிக்காக ஊதியம் பெறுவது இழிவன்று. அபூபக்ர் (ரலி) அவர்கள் கலீஃபாவானபின் வழக்கம்போல் துணிகளைச் சுமந்துகொண்டு சந்தைக்குப் புறப்பட்டார்கள். உமர், அபூஉபைதா (ரலி) இருவரும் தடுத்து, ஆட்சிப்பணி கெடாதிருக்க பைத்துல்மாலிலிருந்து ஊதியம் நிர்ணயிக்க வழி செய்தனர். மஸ்ஜிதுகளிலும் மத்ரஸாக்களிலும் முழுநேரமும் பணியாற்றுவோர்க்குக் கண்ணியமான ஊதியம் தருவது ஜமாஅத்தின் கடமை. அதைத் தட்டிக்கழிக்க எவரும் இவ்வரலாறுகளைக் காரணமாக்குதல் தகாது. அரசுப் பதவியை ஆசிரியர் மறுத்தார். மாணவர் அபூயூஸுஃப் ஏற்றார். இருவரையும் சமுதாயம் இமாம்களாகவே போற்றுகிறது.

நமக்கான செய்தி

தமிழ் முஸ்லிம்களுக்குத் தொழில் புதிதன்று. மரக்காயர் என்ற பெயரில் மரக்கலமும், ராவுத்தர் என்ற பெயரில் குதிரையும் இருப்பதாகப் பலர் விளக்குகின்றனர். நெல்லைச் சீமையின் பத்தமடையில் கோரைப்பாய் நெய்த கைகள் பெரும்பாலும் முஸ்லிம்களின் கைகளே. ஆனால் இன்று பல இல்லங்களில் வேறொரு மனநிலை தென்படுகிறது. படித்த பிள்ளை வெளிநாட்டு விசாவுக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்தால் அது கௌரவம். அதே பிள்ளை தெருமுனையில் தள்ளுவண்டி போட்டால் அது குறைச்சல். பட்டம் பெற்ற இளம் ஆலிம் தையலோ, கணினிப் பழுதுபார்ப்போ, தேன் வணிகமோ தொடங்கினால், மவ்லவிக்கு இது தேவையா என்று கேட்பவர்களும் உண்டு. பெண் கேட்டுச் செல்லும் இடத்தில் அத்தொழிலைச் சொல்லத் தயங்கும் பெற்றோரும் உண்டு. அத்தயக்கம் நம் இமாம்களிடம் இருந்ததில்லை. அவர்கள் தொழிலைப் பெயரோடு சேர்த்தே வைத்துக்கொண்டார்கள்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை முதல் நாள் நெய்யும் பாலாடைக்கட்டியும் அளவே ஈட்டிக்கொண்டு வந்தால் சிரிக்காதீர்கள். மறுநாளும் போகச் சொல்லுங்கள். ஜமாஅத்தின் பொறுப்பாளர்களே, உதவி கேட்டு வருபவருக்கு ஒரு திர்ஹம் உணவுக்குக் கொடுத்தால் இன்னொரு திர்ஹம் கோடரிக்கும் கொடுங்கள். முடிந்தால் காம்பையும் நீங்களே பொருத்திக் கொடுங்கள். இளைஞர்களே, 30 வயது கடந்துவிட்டதே என்று கலங்கவேண்டாம். பூட்டுக்காரர் கஃப்ஃபாலை நினைத்துக்கொள்ளுங்கள். தொழில் தொடங்கியபின் சரக்கில் குறை இருந்தால் வாங்குபவரிடம் சொல்லுங்கள்; அதில்தான் அபூஹனீஃபாவின் கடை மற்றக் கடைகளிலிருந்து வேறுபட்டது.

வருமானம் சிறிதாக இருக்கலாம். அது உங்களுடையதாக இருக்கும்போது, உண்மையைச் சொல்ல வேண்டிய இடத்தில் உங்கள் நா தடுமாறாது.

வல்ல அல்லாஹ் நம் கைகளுக்கு வலிமையையும், நம் உழைப்பில் பரக்கத்தையும், நம் உணவில் ஹலாலையும் நிலைபெறச் செய்வானாக! ஆமீன்.